வேளாண் கல்லூரித் தலைவரின் தாள்களும் ஜொகூர்த் தோட்டத் தமிழரின் பதிவேடுகளும்

முன்னுரை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமெர்ஸ்ட் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் கென்யன் லீச் பட்டர்ஃபீல்ட் (1868-1935) என்பாரின் தாள்கள் ஒரு தனித் தொகுதியாகப் பேணப்பட்டு வருகின்றன. அவர் 1906 முதல் 1924 வரை மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றியவர். அக்கல்லூரியே பின்னர் வளர்ந்து இன்றைய பல்கலைக்கழகமாயிற்று. அவர்தம் அலுவற் கடிதங்கள், உரைகள், அறிக்கைகள், அச்சேறிய எழுத்துகள் ஆகியன வகைப்படுத்தப்பெற்று, பட்டியலிடப்பெற்று, ஆய்வாளர் எவரும் கேட்டுப் பெறும் நிலையில் உள்ளன.

இத்தொகுதிக்கும் மலேசியத் தமிழர்க்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுதல் இயல்பே. இருவகையில் தொடர்பு உண்டு என்பது நம் கருத்து. முதலாவது நேரடித் தொடர்பு. பட்டர்ஃபீல்ட் தம் இறுதிக் காலத்தில் இந்தியச் சிற்றூர்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சென்றுகொண்டிருந்த காலமும் அவ்வறிக்கையின் காலமும் ஒன்றே. இரண்டாவது முறையியல் சார்ந்த தொடர்பு. ஒரு மனிதரின் தாள்கள் எவ்வாறு ‘ஆவணம்’ ஆகின்றன என்பதற்கு அத்தொகுதி தெளிவான சான்று. அதனை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஜொகூர்த் தோட்டத் தமிழரின் பதிவேடுகள் ஏன் சிதறின, ஏன் அழிந்து வருகின்றன என்பது விளங்கும். இக்கட்டுரை இவ்விரு செய்திகளையும் விளக்கி, தமிழாசிரியர்கள் செய்யத்தக்க பணிகள் சிலவற்றைச் சுட்டுகின்றது.

தலைவரும் அவர்தம் பணியும்

பட்டர்ஃபீல்ட் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். மிச்சிகன் வேளாண் கல்லூரியில் 1891இல் பட்டம் பெற்றவர். உழவர் இயக்க இதழொன்றன் ஆசிரியராகவும், உழவர்க்கு ஊர்தோறும் வகுப்பு நடத்தும் அமைப்பின் மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். 1903இல் ரோட் ஐலண்ட் வேளாண் கல்லூரியின் தலைவரானார். மூன்றாண்டுகளின் பின் மாசசூசெட்சுக்கு வந்தார். 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அமைத்த நாட்டுப்புற வாழ்க்கை ஆணையத்தில் உறுப்பினராக இடம்பெற்றார். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி அவ்வாணையத்தின் தலைவர்.

வேளாண் கல்லூரி என்பது மண்ணையும் விதையையும் மட்டும் ஆராயும் இடம் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. பட்டர்ஃபீல்ட் அதனை ஏற்கவில்லை. உழவின் சிக்கல் விளைச்சலின் சிக்கல் மட்டுமன்று. பள்ளி, வழிபாட்டிடம், கூட்டுறவு, கடன், குடும்ப வாழ்க்கை ஆகியன அனைத்தும் அதில் அடங்கும் என்று அவர் வாதிட்டார். கல்லூரி தன் வளாகத்துக்கு வெளியே வாழும் உழவர் அனைவர்க்கும் உரியது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையே அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் சுமித்-லீவர் சட்டத்தின்வழி ‘விரிவாக்கப் பணி’ என நாடளாவிய வடிவம் பெற்றது.

1924இல் தாம் பயின்ற மிச்சிகன் கல்லூரிக்கே தலைவராகத் திரும்பினார். ஆட்சிக்குழுவுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1928இல் அப்பதவியை இழந்தார். அதன்பின் அவர் வாழ்வு ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் நோக்கித் திரும்பியது. முன்னரே 1921-22இல் சீனக் கல்வி ஆணையமொன்றில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1929இல் தென்னாப்பிரிக்க நாட்டுப்புற நிலையைப் பற்றி அறிக்கை அளித்தார். 1929-30இல் இந்தியாவில் பயணம் செய்து, 1930இல் இந்திய நாட்டுப்புறங்களில் கிறித்தவ அமைப்புகளின் பணி பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கிழக்காசிய நாடுகளைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது.

தாள்கள் ஆவணமாதல்

ஒருவர் இறந்தபின் அவர் மேசையில் எஞ்சும் தாள்கள் தாமாக ஆவணமாவதில்லை. அவற்றை ஆவணமாக்குவது நிறுவனத்தின் செயல். ஆவணவியலின் அடிப்படை நெறிகள் இரண்டு. ஒரே இடத்தில் தோன்றிய தாள்களைப் பிறவற்றோடு கலவாது ஒரே தொகுதியாக வைத்தல் முதல் நெறி. இதனைத் ‘தோற்றுவாய் நெறி’ எனலாம். பிரான்சு அரசு 1841இல் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு வடிவம் தந்தது. தாள்களை உருவாக்கியவர் அவற்றை வைத்திருந்த வரிசையைக் குலைக்காமை இரண்டாம் நெறி. இதனை ‘மூல ஒழுங்கு நெறி’ எனலாம். 1898இல் வெளிவந்த டச்சு ஆவணவியல் கையேடு இவ்விரு நெறிகளையும் விரிவாக நிலைநாட்டியது.

இந்நெறிகள் வெறும் அலுவலக ஒழுங்கு அல்ல, பொருள் பற்றியவை. கடிதம் ஒன்று தனியே கிடைத்தால் அது ஒரு செய்தியை மட்டும் தரும். அக்கடிதம் எக்கடிதத்துக்கு விடை, எந்தக் கோப்பில் இருந்தது, அதன்மேல் யார் குறிப்பெழுதினார் என்பன தெரிந்தால் அது ஒரு முடிவு எவ்வாறு உருவாயிற்று என்பதனைக் காட்டும். தமிழறிஞர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். திணையும் துறையும் கூற்றும் அறியாது ஒரு சங்கப் பாடலைப் படிப்பதற்கும் அவற்றை அறிந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாடு எத்தகையதோ, இடமறியாத தாளுக்கும் இடமறிந்த ஆவணத்துக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே.

பட்டர்ஃபீல்டின் தாள்கள் பிழைத்தமைக்குக் காரணங்கள் வெளிப்படை. அவர் வகித்த பதவிக்கு எழுத்தர்கள் இருந்தனர். வரும் கடிதமும் போகும் கடிதத்தின் படியும் கோப்பில் சேர்ந்தன. அவர் தலைமையேற்ற நிறுவனம் பெயர் மாறியதே தவிர அழியவில்லை. 1931இல் மாநிலக் கல்லூரியாகவும் 1947இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்து, தன் பழம்பதிவுகளைத் தானே பேணியது. எழுதும் பழக்கம், எழுதியதைச் சேர்க்கும் அலுவலகம், அலுவலகத்தின் தொடர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவர்களே ஆவணக் காப்பகத்தில் பெரும்பாலும் இடம்பெறுகின்றனர். இம்மூன்றும் இல்லாதவர்கள் பிறர் எழுதிய தாள்களில் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சுகின்றனர்.

தமிழகச் சிற்றூர்: இரு அறிக்கைகள்

பட்டர்ஃபீல்டின் 1930ஆம் ஆண்டு அறிக்கையின் மையக் கருத்து ‘ஊரகச் சீரமைப்புத் தொகுதி’ என்பதாகும். அருகருகே அமைந்த பத்துப் பதினைந்து சிற்றூர்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, கல்வி, உடல்நலம், பொருளியல், சமூக மேம்பாடு ஆகிய துறைகளில் பணியாற்றும் அமைப்புகள் யாவும் அங்கே ஒன்றிணைந்து செயற்பட வேண்டும் என்பது அவர் பரிந்துரை. கல்லூரி தன் சுவர்களைக் கடந்து ஊருக்குச் செல்லவேண்டும் என்று அமெர்ஸ்டில் அவர் வலியுறுத்திய கருத்தே இங்கு இந்திய வடிவம் பெறக் காண்கிறோம்.

இக்கருத்து வெற்று நிலத்தில் வந்து விழவில்லை. சேலத்தில் 1876இல் பிறந்த க. தி. பால் இந்தியக் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளராக விளங்கியவர். கூட்டுறவுக் கடனையும் ஊரகச் சீரமைப்பையும் அச்சங்கத்தின் பணிகளாக்கியவர் அவரே. அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்து, 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்க வேளாண் வல்லுநரின் பொறுப்பில் ஊரகச் செயல்முறை நிலையம் ஒன்று இயங்கியது. கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. தேனீ வளர்ப்பால் மார்த்தாண்டம் இன்றும் பெயர் பெற்றுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916இல் தொடங்கிய சிற்றூர் ஆய்வுகளும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் அவ்வாய்வுகளால் பொருளியல் வரலாற்றில் நிலைபெற்றன.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மேற்கண்ட எழுத்துகள் யாவும் ஊரில் இருப்பவரைப் பற்றியவை. ஊரைவிட்டு நீங்கியவர், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் தங்கிக் கப்பலேறியதும் அவ்வெழுத்துகளின் எல்லையைக் கடந்துவிடுகிறார். அவரைப் பின்தொடர்ந்து எழுதப்பட்டது மற்றோர் அறிக்கை. அதனை எழுதியவரும் உயர்கல்வி நிறுவனமொன்றன் தலைவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாத்திரியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். இந்தியத் தொழிலாளர் நிலைபற்றிய அவரது அறிக்கை 1937இல் வெளிவந்தது. பொருளாதார வீழ்ச்சிக்கு முன் ஆண்களுக்கு 50 காசாகவும் பெண்களுக்கு 40 காசாகவும் இருந்த நாட்கூலி, வீழ்ச்சிக் காலத்தில் முறையே 28 காசுக்கும் 24 காசுக்கும் இறங்கியிருந்தது. பழைய கூலியை மீட்டளிக்கவேண்டும் என்று சாத்திரியார் பரிந்துரைத்தார். கங்காணி முறையில் ஆள் சேர்த்தல் நிறுத்தப்படவேண்டும் என்பதும் அவர் கருத்து. அடுத்த ஆண்டிலேயே, 1938இல், இந்திய அரசு உதவியுடன்கூடிய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

பட்டர்ஃபீல்டின் அறிக்கையும் சாத்திரியாரின் அறிக்கையும் ஏழாண்டு இடைவெளியில் எழுந்தவை. ஒன்று ஊரைப் பார்த்தது. மற்றொன்று தோட்டத்தைப் பார்த்தது. ஊரின் வறுமையும் தோட்டத்தின் கூலியும் ஒரே குடும்பத்தின் இருபுற வாழ்க்கையாக இருந்தன. ஆயினும் இவ்விரு வகை எழுத்துகளையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. ஒன்று இந்திய வேளாண் வரலாறு என்றும், மற்றொன்று மலாயாத் தொழிலாளர் வரலாறு என்றும் பிரிந்து கிடக்கின்றன.

பயிர் ஒரு கோப்பில், உழைப்பு மற்றொரு கோப்பில்

இப்பிரிவு தற்செயலானதன்று. ஆட்சியாளரின் கோப்பு முறையே இதனை உருவாக்கியது. கோவை வேளாண் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. அங்குப் பணியாற்றிய சி. ஏ. பார்பரும் அவர்க்குப் பின் தி. சு. வெங்கட்ராமனும் உருவாக்கிய கரும்பு வகைகள் உலகப் புகழ் பெற்றவை. 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் 1918இல் வெளியிட்ட ‘கோ 205’ உள்நாட்டுக் காட்டுக் கரும்பையும் பயிர்க் கரும்பையும் இணைத்துப் பெற்ற வகையாகும். ஆயினும் கோவையின் முதல்வர்கள் அரசு அலுவலர்கள். அவர்தம் எழுத்துகள் அரசுத் துறையின் கோப்புகளிற் சேர்ந்தன. அரசாணைகளாகவும் துறை நடவடிக்கைகளாகவும் அவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் தேடவேண்டும். அமெரிக்கக் கல்லூரித் தலைவர் ஒரு பெயரின்கீழ்க் கிடைக்கிறார். கோவை முதல்வர் ஓர் எண்ணின்கீழ்க் கிடைக்கிறார்.

மலாயாவிலும் இதே நிலைதான். செர்டாங்கில் 1931இல் மலாயா வேளாண் பள்ளி திறக்கப்பட்டது. 1947இல் அது வேளாண் கல்லூரியாயிற்று. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்துடன் இணைந்து மலேசிய வேளாண் பல்கலைக்கழகமாயிற்று. 1997 முதல் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம் என வழங்குகிறது. இரப்பர் ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனம் 1925இல் சட்டவழி அமைந்தது. இவ்விரு நிறுவனங்களின் அக்கால எழுத்துகள் பயிரையும் மண்ணையும் நோயையும் பேசுபவை. பால்மரத்தை நாள்தோறும் வெட்டிய தமிழரை அறிய விரும்புவோர் அங்கே நெடுநாள் தேடினும் பயன் சிறிதே.

காரணம் எளிது. காலனிய ஆட்சியின் பார்வையில் தமிழர் ‘உழவர்’ அல்லர், ‘தொழிலாளர்’. ஆகவே அவரைப் பற்றிய தாள்கள் வேளாண் துறையில் சேரவில்லை. தொழிலாளர் துறை, குடிநுழைவு, மருத்துவம், காவல் ஆகிய துறைகளின் கோப்புகளில் அவை பிரிந்து சேர்ந்தன. மரம் வேளாண்மைக் கோப்பிலும், அதனை வெட்டிய கை தொழிலாளர் கோப்பிலும், அக்கைக்குரியவரின் காய்ச்சல் மருத்துவக் கோப்பிலும் பதிவாயின. தோட்டத்தில் ஒருவராக வாழ்ந்தவர் காப்பகத்தில் மூவராகப் பிரிந்துவிட்டார். பட்டர்ஃபீல்ட் வலியுறுத்திய கருத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். உழவு என்பது வாழ்க்கை முழுவதும் தழுவியது என்று அவர் கூறினார். அந்த முழுமையைத்தான் கோப்பு முறை தோட்டத் தமிழர்க்கு மறுத்தது.

ஜொகூரின் ஆவண நிலை

ஜொகூரின் வரலாறு இவ்வகையில் தனித்தன்மை உடையது. அது நேரடிக் காலனியாகவோ, கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாகவோ இருந்ததில்லை. சீனரின் கங்சூ முறையில் காம்பீரும் மிளகும் பயிரான ஆற்றங்கரைகளுக்கு அப்பால், 1909இல் தொடர்வண்டிப் பாதை நிறைவுற்றபின் இரப்பர் விரைந்து பரவியது. செகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் எனப் பாதை செல்லும் வழியே தோட்டங்களும், தோட்டங்களோடு தமிழ்க் குடியிருப்புகளும் பெருகின. 1910இல் ஆங்கிலேய ஆலோசகர் ஒருவர் வந்தார். 1914இல் பொது ஆலோசகர் என்ற அப்பதவி முழு அதிகாரம் பெற்றது. பொது ஆலோசகர் அலுவலகக் கோப்புகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜொகூர்க் கிளையில் உள்ளன. ஜொகூர்த் தமிழர் வரலாற்றை எழுத விழைவோர் முதலிற் பார்க்கவேண்டிய தொகுதி அதுவே.

கல்வியாளர் ஒருவரும் அப்பதவியில் இருந்துள்ளார். சிங்கப்பூர் இராபிள்ஸ் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தவரும் மலாய் இலக்கிய அறிஞருமாகிய ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1931 முதல் 1935 வரை ஜொகூரின் பொது ஆலோசகராகப் பணியாற்றினார். இரப்பர் விலை வீழ்ந்து, மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. மலாய் இலக்கிய வரலாற்றில் நாம் அறியும் வின்ஸ்டெட்டையும், தோட்டங்கள் நிறைந்த மாநிலத்தை நிர்வகித்த வின்ஸ்டெட்டையும் இணைத்துப் படிக்கும் வாய்ப்பினை அக்காலக் கோப்புகள் தருகின்றன.

தோட்ட நிறுவனங்களின் தாள்களோ கடல் கடந்து கிடக்கின்றன. ஜொகூரில் 1920களிலேயே செம்பனைப் பயிரில் இறங்கிய குத்ரி நிறுவனத்தின் ஆவணங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழைத்தேய ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. மலாயாத் தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் பதிவுகளும் இலண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1981இல் குத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. பழைய தாள்கள் இலண்டனில் நிலைத்தன.

இவற்றுக்கெல்லாம் புறம்பாக நான்காவது வகை ஒன்று உண்டு. அது தோட்டத்திலேயே தோன்றியது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோல் புத்தகம், கங்காணியின் பற்று வரவுக் கணக்கு, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தலைமையாசிரியரின் குறிப்பேடு, மாரியம்மன் கோயில் திருவிழா வரவு செலவு, மரண சகாய நிதிக் கணக்கு, தொழிற்சங்கச் சுற்றறிக்கை, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியன இதன்பாற்படும். இவற்றுட் பல தமிழில் எழுதப்பட்டவை. தோட்டத் தமிழர் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை இவையே. இவற்றுக்குத்தான் காப்பகம் இல்லை.

சிதைவின் காரணங்கள்

தோட்டப் பதிவேடுகள் பல கட்டங்களில் அழிந்தன. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) தோட்ட நிர்வாகம் குலைந்தது. சயாம்-பர்மா இரயில் பாதைக்கு ஆள்கள் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டவர்களின் பெயர்ப்பட்டியலை இன்றும் நாம் முழுமையாகப் பெற இயலாமைக்கு அக்காலப் பதிவின்மையும் ஒரு காரணம். அடுத்து 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல். ஒரு தோட்டம் பல உரிமையாளர்க்குப் பிரித்து விற்கப்பட்டபோது நிலத்துக்கு வாரிசு இருந்தது. அலுவலகப் புத்தகங்களுக்கு வாரிசு இல்லை. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த கூட்டுறவுச் சங்கம் நிலத்தைக் காக்க முயன்றது. தாள்களைக் காக்க அத்தகைய இயக்கம் எழவில்லை. பின்னர் இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. அதன்பின் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. மக்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தனர். மூடப்பட்ட தோட்டத்தின் பள்ளி வேறிடத்துக்கு மாறியபோது மேசையும் நாற்காலியும் சென்றன. பழைய பதிவேடுகள் எப்போதும் உடன் செல்லவில்லை.

பட்டர்ஃபீல்டின் தாள்கள் பிழைத்ததற்கு நாம் சுட்டிய மூன்று காரணங்களுள் முதலிரண்டும் தோட்டத்திலும் இருந்தன. எழுதும் பழக்கம் இருந்தது. கிராணியின் அலுவலகம் இருந்தது. கோயிற் குழுவும் பள்ளியும் கணக்கு வைத்திருந்தன. இல்லாதது மூன்றாவதாகிய தொடர்ச்சி மட்டுமே. தோட்டத் தமிழர் எழுத்தறியாதவர், ஆகவே அவர்க்கு ஆவணமில்லை என்னும் கூற்று முழு உண்மையன்று என்பது இதனால் தெளிவாகும்.

தமிழறிவின் தேவை

எஞ்சிய பதிவேடுகளைப் படிப்பதற்குத் தமிழாசிரியர்க்குள்ள தகுதி பிறர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. பெயர்களையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கூலிப் பட்டியலில் ஒரே முனியாண்டி நான்கு வேறு எழுத்துக்கூட்டல்களில் காணப்படலாம். ஆங்கில எழுத்தை மட்டும் நம்பும் ஆய்வாளர் அவரை நால்வராக எண்ணுவார். தமிழொலி அறிந்தவர் ஒருவராகக் காண்பார்.

பெயர் ஊரையும் சுட்டும். அங்காளம்மா, பச்சையம்மா முதலிய பெயர்கள் ஒரு பட்டியலில் மிகுந்திருப்பின் ஆர்க்காட்டுப் பகுதிகளையும், கருப்பையா, அழகர் முதலியன மிகுந்திருப்பின் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளையும் நாம் நினைக்கலாம். இது முடிந்த சான்றன்று, தேடலுக்கான குறிப்பு. கோயிலின் தெய்வம், திருவிழா நடைபெறும் மாதம், வழங்கும் உறவுச் சொல் ஆகியவற்றோடு ஒப்பிட்டபின்னரே முடிவுக்கு வரலாம். அம்முடிவு கிட்டின் தோட்டத்தையும் ஊரையும் இணைக்கும் வழி திறக்கும். 1930இன் ஊர் அறிக்கையும் 1937இன் தோட்ட அறிக்கையும் பிரித்துவைத்ததை ஒரு பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இணைத்துக் காட்டலாம்.

பெண்களின் பதிவு இன்னும் நுட்பமாகப் படிக்கத்தக்கது. குடும்பப் பட்டியலில் ‘மனைவி’ என்ற சொல்லோடு நின்றுவிடும் பெண், செக்ரோலில் தம் பெயரோடும் தாம் பெற்ற கூலியோடும் தோன்றுகிறார். கோயில் நன்கொடைப் பட்டியலில் மீண்டும் தோன்றுகிறார். இம்மூன்றையும் ஒப்பிடாது எழுதப்படும் தோட்ட வரலாறு ஆண்களின் வரலாறாகவே முடியும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

ஜொகூரில் இன்று ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டப் பள்ளிகளாகத் தோன்றியவை. ஒவ்வொரு பள்ளியும் தன் அலுவலகத்தில் உள்ள பழம்பதிவேடுகளின் பட்டியலைத் தயாரித்தல் முதற்பணி. பதிவேட்டின் பெயர், மொழி, தொடக்க ஆண்டு, இறுதி ஆண்டு, பக்கங்கள், இப்போதைய நிலை என ஆறு செய்திகள் போதும். இப்பட்டியலே எதிர்காலக் காப்பகத்தின் விதை.

இரண்டாவதாக, சட்டத்தை அறிதல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி அரசுப் பதிவுகளை உரிய ஒப்புதலின்றி அழித்தல் கூடாது. ஆதலின் பள்ளிப் பதிவேடுகளை அப்புறப்படுத்தும் முன்னும், வேறிடம் அனுப்பும் முன்னும் கல்வி அலுவலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் கலந்தாய்தல் தக்கது. தனியார் கைகளில் உள்ள தாள்களையும் நன்கொடையாக ஏற்கக் காப்பகத்துக்கு வழியுண்டு.

மூன்றாவதாக, தாள்களைக் கையாளும் முறை. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் தாளுக்குப் பகை. துருப்பிடித்த ஊசிகளையும் கவ்விகளையும் மெல்ல நீக்கவேண்டும். கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டுதல் கூடாது. நெகிழி உறையிட்டுச் சூடேற்றி மூடுதல் அறவே கூடாது. குறிப்பெழுதப் பென்சிலையே பயன்படுத்தவேண்டும். தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ பெட்டிகளை வைக்கலாகாது. மின்வருடல் செய்யும்போது அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாது, இருந்த வரிசையிலேயே படமெடுக்கவேண்டும். ‘சுவையான’ பக்கங்களை மட்டும் படமெடுத்தல் மூல ஒழுங்கைக் குலைப்பதாகும். படம் எடுத்துவிட்டோம் என்பதனால் மூலத்தை எறிந்துவிடுதலும் தவறு.

நான்காவதாக, தாளோடு வாய்மொழியையும் சேர்த்தல். செக்ரோலில் உள்ள ஒரு குறியீட்டின் பொருளை அதனை எழுதிய கிராணியோ, அதன்படி கூலி பெற்றவரோ மட்டுமே விளக்கமுடியும். அவர்கள் முதுமை எய்திவிட்டனர். பேட்டியாளரின் ஒப்புதலைப் பெற்று, நாளும் இடமும் குறித்து ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். வாழ்வோரின் சாதி, கடன், நோய் முதலிய செய்திகள் பதிவேட்டில் இருப்பின், அவற்றை வெளிப்படுத்துவதில் குடும்பத்தாரின் மானத்தை மதித்தல் நம் கடமை.

பல்கலைக்கழகத்தின் பங்கும் இங்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டு நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வந்துள்ளது. நூலுக்குத் தரும் இடத்தைக் கையெழுத்துக் கணக்குப் புத்தகத்துக்கும் தருதல் வேண்டும். பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டுக்காக ஒரு தோட்டத்தின் அல்லது ஒரு பள்ளியின் பதிவேடுகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதின், பத்தாண்டுகளில் ஜொகூர் மாநிலம் முழுவதற்கும் வழிகாட்டி நூல் ஒன்று உருவாகிவிடும். இலக்கியத் திறனாய்வுக்கு ஒப்பான கல்விப் பணியாகவே இதனை மதிப்பிடவேண்டும்.

முடிவுரை

அமெர்ஸ்டில் உள்ள தாள்கள் ஒரு கல்லூரித் தலைவரின் பெருமையை மட்டும் உணர்த்துவன அல்ல. ஒரு நிறுவனம் தன் நினைவைத் தானே பேணும்போது என்ன நிகழும் என்பதனையும் அவை உணர்த்துகின்றன. அவர் காலத்தில் ஜொகூரில் பால் வெட்டிய தமிழர்க்கும் நினைவுகள் இருந்தன. அவற்றுட் சில எழுத்திலும் இருந்தன. அவற்றைப் பேணும் நிறுவனம் மட்டும் இல்லை. அந்நிறுவனத்தின் இடத்தைத் தமிழ்ப்பள்ளியும், கோயிலும், பல்கலைக்கழகத் துறையும் இணைந்து நிரப்புதல் இயலும். பட்டர்ஃபீல்டின் கருத்தைக் கடனாகப் பெற்றுச் சொல்வதாயின், அருகருகே அமைந்த பத்துப் பதினைந்து பள்ளிகள் ஒரு தொகுதியாக இணைந்து தம் பதிவேடுகளைப் பட்டியலிடத் தொடங்கலாம். குளுவாங் வட்டாரத்திலோ செகாமட் வட்டாரத்திலோ முதல் தொகுதி அமையலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பூட்டிய அலமாரி ஒன்று, வரிசையெண் இட்ட பட்டியல் ஒன்று, பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர் ஆகிய மூன்றும் அமைந்தால் பணி தொடங்கிவிடும்.